ஹெர்மினியாவின் மஞ்சள் முக்கோணங்கள்

லேபிள்களைப் பத்துப் பத்தாக உரித்து இடது முன்கையில் வரிசையாக ஒட்டிக்கொள்வாள் ஹெர்மினியா. அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துப் பானை, கரண்டி, கோப்பை என்று அழுத்திக்கொண்டே போவாள். மஞ்சள் முக்கோணம், நடுவில் ஆச்சரியக்குறி, கீழே பொடி எழுத்து: புற்றுநோயும் கருவுக்குக் கேடும் விளைவிப்பதாகக் கலிபோர்னியா மாநிலம் அறிந்த ரசாயனம் இதில் இருக்கிறது. ஃபிரெஸ்னோ நகரத்துப் பாத்திரக் கடையில் ஐந்து வருடமாக இதுதான் அவளுடைய காலை வேலை.

முதலாளி காஸ்துலோ சூடு கண்ட பூனை. லேபிள் இல்லாத ஒரு காபிக் கோப்பையில் ஈயம் இருந்ததென்று எந்த ஊர் வக்கீலோ நோட்டீஸ் விட்டார். அன்றிலிருந்து மரக்கரண்டிக்கும் லேபிள்.

"இதுல என்னங்கய்யா இருக்கு, வெறும் மரம்தானே?"

"இருந்தா சட்டத்துக்கு, இல்லாட்டி வக்கீலுக்கு. நீ ஒட்டும்மா."

வாங்க வருகிறவர்கள் கண்ணில் அது படுவதே இல்லை. "வண்டி நிறுத்துற இடத்துலயே இந்த போர்டு வச்சிருக்கான். மூச்சு விடாம இருக்கவா?" என்று சிரித்துவிட்டு விலை கேட்பார்கள். நிஜமாகப் படிப்பவள் ஹெர்மினியா ஒருத்திதான். எதற்குப் பயப்பட வேண்டும், எது வீண் என்பது அவளுக்கு மனப்பாடம். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் மினுக்கும் மண்சட்டிதான் கள்ளன். மெருகில் ஈயம், மிளகாய்ச் சாறு கொதித்தால் இறங்கிவிடும்.

அப்படி ஒரு சட்டி அவள் கல்யாணத்துக்குச் சீராக வந்தது, லேபிள் இல்லாமல். ஏழு வருடம் அதில்தான் பயறு வெந்தது. அந்த ஏழு வருடத்தில் மூன்று முறை உண்டாகி, மூன்றும் தங்கவில்லை. டாக்டர், காரணம் தெரியவில்லை என்றார். "இந்த மாநிலத்துக்குத் தெரியாததே கிடையாது. என் சமாச்சாரம் மட்டும் யாருக்கும் தெரியல" என்பாள் புருஷன் நிகானோரிடம், சிரிக்கிற மாதிரி. வயது முப்பத்தொன்பது. பேருந்தில் யார் மடிப் பிள்ளையாவது அவள் விரலைப் பிடித்துக்கொண்டால், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுகிற ஏக்கம் அது.

ஈயம் இருக்கிறதா என்று பார்க்கும் குச்சி கடையிலேயே விற்கிறார்கள், இருந்தால் சிவக்கும். நாலு வருடத்துக்கு முன் ஒன்று வாங்கினாள். சட்டியில் சமைப்பதையும் அன்றோடு நிறுத்தினாள். குச்சி மட்டும் உறை பிரியாமல் சட்டிக்குள்ளேயே கிடக்கிறது. சிவந்தால், தன் கையாலேயே விஷத்தைச் சமைத்துப் போட்டதாகிவிடும். சிவக்காவிட்டால், மறுபடி காரணமே இல்லாமல் போய்விடும்.

போன வியாழக்கிழமை, ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண் வந்து மினுக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

"அது வேண்டாம் கண்ணு. அந்த எவர்சில்வரை எடுத்துக்க."

"அதுலயும் இதே ஸ்டிக்கர்தானேக்கா இருக்கு?"

"அது முதலாளி பயத்துக்கு ஒட்டுனது. இது நெசம்."

"எங்கம்மா காலம் பூரா இதுலதான் ஆக்குனாங்க. நாங்க ஆறு பேரும் குத்துக்கல்லாட்டம் இருக்கோம். ஏன், நீங்க வீட்ல எதுல ஆக்குறீங்க?"

"நானும் இதுலதான் ஆக்குனேன்" என்றாள் ஹெர்மினியா.

எத்தனை பிள்ளைகள் என்று கேட்க வாயெடுத்த பெண், அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. சட்டியை இருந்த இடத்தில் வைத்துவிட்டாள்.

எவர்சில்வர் பாத்திரத்தைக் காகிதத்தில் சுற்றுமுன், அதிலிருந்த லேபிளை ஹெர்மினியா நகத்தால் சுரண்டி உரித்தாள். காஸ்துலோ பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். வழக்கமாக முன்கையில் ஒட்டிக்கொள்கிறவள், அதைத் தன் அடிவயிற்றில், உடுப்பின் மேல் ஒட்டினாள். அந்தப் பெண் தெருமுனை திரும்பும் வரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றாள்.