கானில் ஒட்டிய பெயர்

கார்த்திகை பிறந்தால் பருத்தித்துறைக் கடல் கொந்தளிக்கும். அப்பா படகைக் கரையேற்றிவிட்டு எஞ்சினையும் அதற்கு மண்ணெண்ணெய் ஊற்றும் பிளாஸ்டிக் கானையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். வீட்டோடு ஒட்டிய பத்தியில், தென்னோலைக் கிடுகுக் கூரைக்குக் கீழே, அவை தை மாதம்வரை இருக்கும். கார்த்திகைத் தீபமான விளக்கீட்டன்று அம்மா அங்கேதான் எஞ்சினுக்கு முன்னால் ஒரு சுட்டி விளக்கு ஏற்றுவார். சோறு போடுகிற பொருளை அன்றைக்கு இருட்டில் விடக்கூடாதாம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். இப்போது படிப்பிப்பதும் பள்ளிக்கூடத்தில்தான். போன வருடம் கார்த்திகையில், மார்கழி விடுமுறைக்கு முன்னர், வீட்டில் தீப்பிடிக்காமல் பார்ப்பது பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் எடுத்தேன். அப்படிப் பாடம் எடுத்துவிட்டு என் வீட்டைச் சும்மா விட முடியுமா?

விளக்கீட்டன்று பின்னேரம் பத்தியைத் துப்புரவாக்கினேன். மண்ணெண்ணெய் இருந்த வெள்ளைக் கானை வெளியே கொண்டுபோய், வீட்டின் பின்பக்கம், கோடிப்புறச் சுவரோரம் வைத்தேன். அதே மாதிரி இன்னொரு கானில் தண்ணீர் நிரப்பிச் சுவரின் மறு முனையில் வைத்தேன். இரண்டிலும் தாள் ஒட்டி, தடித்த பேனையால் பெயர் எழுதினேன். மண்ணெண்ணெய்க் கானின் பிடியில் வலைக் கயிற்றுத் துண்டு ஒன்று ஊத்தையாகக் கட்டிக் கிடந்தது. அதை வெட்டி எறிந்தேன். நெருப்பு ஏதும் பிடித்தால் ஊற்றத் தண்ணீர்க் கான் கோடியில் இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். எஞ்சினுக்கு விளக்கு வேண்டாம் என்றதற்கு மட்டும் அவர் இணங்கவில்லை. கடைசியில் சுட்டியை முற்றத்து மணலில், எஞ்சினைப் பார்த்தபடி வைத்தார்.

இருட்டத் தொடங்கும் மைம்மல் பொழுதில் அப்பா சொக்கப்பனை பார்க்கக் கோயிலுக்குப் போயிருந்தார். மழை விட்டிருந்தது. அம்மாவும் நானும் வாசல் படலையடியிலும் கிணற்றடியிலும் கோடியிலும் பந்தங்களை நட்டுக் கொளுத்தினோம். வேலியை விட்டுத் தள்ளித்தான் நட்டோம். ஆனால் மழையில் மண் இளகியிருந்தது. காற்று ஒன்று வந்து கோடிப் பந்தத்தை வேலியில் சாய்த்தது. தாழ்வாரத்துக்குக் கீழே நனையாமல் இருந்த வேலிக் கிடுகுகள் சடசடவென்று பிடித்துக்கொண்டன.

அம்மா ஓடிப்போய் ஒரு கானைத் தூக்கினார். நெருப்பு வெளிச்சத்தில் தாளில் இருந்த எழுத்து கிணற்றடியில் நின்ற எனக்குத் தெரிந்தது. மண்ணெண்ணெய். நான் ஓடிப் போய்ச் சேருமுன் அம்மா மூடியைத் திருகினார். கொஞ்சம் கையில் சிந்தியது. அப்படியே நின்று கானை மணந்து பார்த்தார். பிறகு மூடியை இறுக்கி, ஓடாமல், படலைவரை நடந்துபோய் அதை வெளியே ஒழுங்கையில் வைத்தார். அதற்குள் நான் மற்றக் கானையும் இரண்டு வாளி கிணற்றுத் தண்ணீரையும் ஊற்றி நெருப்பை அணைத்திருந்தேன். வேலியில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது.

ஒழுங்கையில் நின்ற கானைத் தூக்கிக்கொண்டுதான் அப்பா உள்ளே வந்தார்.

“இதிலை கட்டின கயிறு எங்கை?”

கயிறு இருந்தால் எண்ணெய், இல்லாவிட்டால் தண்ணீர். நான் விடுதியில் தங்கிப் படித்த வருடங்களில் அவர்கள் இருவரும் செய்துகொண்ட ஏற்பாடு அது. எனக்கு அது அப்போதுதான் விளங்கியது.

“நான்தான் அவிட்டனான். ஊத்தையாக் கிடந்தது” என்றார் அம்மா.

“உனக்கென்ன விசரே?”

நான் பேசாமல் நின்றிருந்தால் அது அம்மாவின் பிழையாகவே போயிருக்கும். அம்மா என்னைப் பார்க்காமல் சேலைத் தலைப்பை உதறிக்கொண்டிருந்தார்.

“நான்தான் வெட்டினனான், அப்பா. எழுதி ஒட்டினாக் காணும் எண்டு நினைச்சன்.”

அப்பா தாளைப் பார்த்தார். கருகிய வேலியைப் பார்த்தார்.

“ரீச்சர் வடிவாத்தான் எழுதியிருக்கிறா. வாசிக்கத்தான் இஞ்சை ஆளில்லை.”

முதலில் சிரித்தது அம்மாதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோடியில் இன்னொரு பந்தம் கொளுத்த வேண்டும், விளக்கீட்டன்று ஒரு மூலை இருட்டாய்க் கிடக்கக்கூடாது என்று அம்மா தீப்பெட்டியைத் தேடினார். நான் அதைப் பறித்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு, அம்மாவைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எண்ணெய் சிந்திய கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் தண்ணீர் ஊற்றினேன். மணந்து பார்த்தேன். இன்னும் மண்ணெண்ணெய் மணம். திரும்பவும் தேய்த்தேன். அம்மா சின்னப்பிள்ளை மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

“காணும் பிள்ளை, தோல் உரியப்போகுது.”

“இன்னும் ஒருக்கா” என்று சொல்லி அவரது உள்ளங்கையை முகத்தோடு வைத்துக்கொண்டேன்.