நோய்க்கு முன் வேலையைக் கேட்டவர்

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய சொந்தங்களே, நண்பர்களே, தோழர்களே,

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில் இம்மலர் தங்கள் கரங்களை வந்தடைகிறது. அவருடைய விருப்பப்படி உடலை மருத்துவக் கல்லூரிக்கு ஒப்படைத்துவிட்டதால், பதினாறாம் நாள் காரியம் என்று ஒன்றை நாங்கள் நடத்தவில்லை. அதனால் மனம் வருந்திய பெரியோர்கள் உண்டு. அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஏழாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். என் எழுத்தில் பிழை இருக்கலாம். சொல்லும் செய்தியில் பிழை இல்லை.

அக்கா பள்ளிவாசல் என்னும் மலையூரை அடுத்த தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தார். எங்கள் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறியவர். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு தள்ளுபவர். அம்மா கொழுந்து பறிப்பவர். ஒற்றை அறையில் ஆறு பேர் வாழ்ந்தோம். மழைக்காலத்தில் கூரை ஒழுகும் இடங்களை எல்லாம் விட்டுவிட்டு, ஒழுகாத ஒரு மூலையை அக்காவின் புத்தகங்களுக்கு என்று அப்பா ஒதுக்கிக் கொடுத்தார். நாங்கள் நனைந்தோம், புத்தகம் நனையவில்லை. எங்கள் லயத்திலிருந்து மருத்துவம் படிக்கச் சென்ற முதல் பிள்ளை அக்காதான்.

பட்டத்தோடு மலைக்குத் திரும்புவார் என்று லயத்தார் எதிர்பார்த்திருக்க, அக்கா பாலக்காட்டின் கிழக்குப் பகுதிக்குச் சென்று, வயல் வேலை செய்வோரின் குடிசைகளில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். கல்லூரி நாட்களிலேயே அவர் தீவிர இடதுசாரி அமைப்பு ஒன்றில் சேர்ந்திருந்தார். நிலமில்லாதவனை எல்லாக் கட்சிகளும் கைவிட்டுவிட்டன என்பது அவர்களுடைய வாதம். இதை மறைக்க வேண்டிய செய்தியாக நான் கருதவில்லை, அக்காவும் கருதியதில்லை. அங்கே நிலக்கிழார் ஒருவர், "ஏனுங்க டாக்டரம்மா, ஊசி போட வந்தீங்களா, ஊரைக் கிளப்ப வந்தீங்களா?" என்று வழிமறித்துக் கேட்டாராம். அக்கா அவர் பேச்சிலேயே, "ரெண்டுக்குந்தானுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாராம்.

ஒரு நாள் விடியற்காலை, தொடையில் குண்டு பாய்ந்த ஒருவரைத் தோழர்கள் தூக்கி வந்தனர். அக்கா குண்டை எடுத்துத் தையல் போட்டார். அந்த மனிதர் காவல்துறை தேடிய ஆள். அக்கா கைதானார்.

லயத்துக்கு வந்த காவல் அதிகாரி அப்பாவை நிறுத்தி வைத்து, "உன் மக தீவிரவாதிக்கு வைத்தியம் பாத்திருக்கா, தெரியுமா?" என்று அதட்டினார்.

அப்பா தலைத்துண்டைக்கூட அவிழ்க்காமல், "வைத்தியந்தானய்யா பாத்தா? அதுக்குத்தான படிக்க வச்சேன்" என்றார்.

ஏறத்தாழ இரண்டாண்டுகள் அக்கா சிறையில் இருந்தார். அப்பா காலமானது அந்தக் காலத்தில்தான். கொள்ளி வைக்கும் நேரத்திற்கும் அக்காவை விடவில்லை. பின்னர் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அதற்குள் அமைப்பு சிதறியிருந்தது. ஆயுதப் பாதையில் அக்காவின் நம்பிக்கையும் கரைந்திருந்தது. "கட்சி ஒன்னைய விட்டுச்சா, நீ கட்சிய விட்டியா?" என்று கேட்டேன். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கதவச் சாத்திக்கிட்டோம்டா" என்று சிரித்தார். ஆனால் ஏழையின் பக்கம் நிற்பது என்ற முடிவில் இறுதிவரை ஓர் அங்குலமும் பின்வாங்கவில்லை.

சிறை சென்றவரை வேலைக்கு எடுக்க யாரும் துணியவில்லை. ஆகவே தமிழக எல்லையோரக் கம்பம்மெட்டுச் சந்திப்பில், பழைய ஏலக்காய்க் கிடங்கு ஒன்றின் முன்னறையில் அக்கா சொந்தமாக வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். தேயிலைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு நான் அவருக்குத் துணையாகச் சென்றேன். வருவோரின் பெயர், வயது, ஊர், வேலை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுவது என் பொறுப்பு. கம்பம் பக்கத்திலிருந்து தினமும் காலையில் ஜீப்புகளில் மலையேறி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களே பெரும்பாலும் வந்தார்கள். மயக்கம், வாந்தி, தலைச்சுற்றல் என்பார்கள். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போவதால் வரும் பித்தம் என்றே அவர்கள் எண்ணினார்கள்; தோட்டங்களும் அப்படியே சொல்லின.

நான்கு மாதம் கழித்து அக்கா பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் சிவந்தது.

"ஏன்டா தம்பி, வேலைன்னு இருக்குற எடத்துல பக்கம் பக்கமா கூலி, கூலின்னு எழுதி வச்சிருக்கியே. இந்த மலையில கூலிங்குற வேலை எந்தச் செடியில காய்க்குது?"

"எல்லாரும் கூலிக்குத்தானக்கா போறாங்க?"

"அது அவங்க வாங்குறது. செய்யிறது என்ன?"

லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, எங்கள் சனம் செய்யும் வேலைகளைத் தனித்தனியாக எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. அப்பாவைக் கேட்டிருந்தாலும் கூலி என்றுதான் சொல்லியிருப்பார். இது என் தவறு. இம்மலரில் அதை ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் முதல் நான் ஜீப்புகள் நிற்கும் இடத்திற்குப் போய், முன்பு வந்து சென்ற ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து, மயங்கிய நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் என்ன வேலை பார்த்தீர்கள் என்று விசாரித்தேன். ஏலக்காய் எடுக்கும் பேச்சியம்மாள் என்பவர், "என்னண்ணே, பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி துருவித் துருவிக் கேக்குறீக? எனக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சே!" என்றார். ஜீப்பே அதிரும்படி சிரித்தார்கள். சிரித்தாலும் பதில் சொன்னார்கள்.

அக்கா அந்தப் பக்கங்களை வரிசைப்படுத்தியபோது உண்மை வெளிப்பட்டது. மயங்கி விழுந்தவர்களில் அநேகர் பூச்சிமருந்து அடித்தவர்கள். மற்றவர்கள், மருந்து அடித்த ஈரம் காயும் முன்பே அதே காட்டுக்குள் காய் எடுக்க இறக்கப்பட்ட பெண்கள்.

அடுத்த வாரமே பேச்சியம்மாளின் கணவர் மாரிச்சாமியைத் தூக்கி வந்தார்கள். மருந்து அடித்துக்கொண்டிருந்தவர் தோட்டத்திலேயே விழுந்துவிட்டார். உடலெல்லாம் வியர்வை, வாயில் நுரை, கண்ணின் பாவை கடுகாய்ச் சுருங்கியிருந்தது. அக்கா ஊசிமேல் ஊசி போட்டு, ஜீப்பில் தன் மடியிலேயே அவர் தலையைத் தாங்கிப் பெரிய மருத்துவமனையில் கொண்டு சேர்த்தார். மாரிச்சாமி பிழைத்தார். அவருக்குக் கொடுத்த சீட்டில் அக்கா இப்படி எழுதினார்: "நோய், பூச்சிமருந்து நஞ்சு. வேலை, மருந்து அடித்தல்."

ஆனைக்கரைப் பக்கம் இருந்த அந்தத் தோட்டத்தின் உரிமையாளர் நேரில் வந்தார். "ஒரு வார்த்தைதான டாக்டரே. நஞ்சுங்குறத மயக்கம்னு மாத்துங்க. ஒங்களுக்கு நல்ல கட்டடமே கட்டித் தாரேன்" என்றார்.

"ஒரு வார்த்தைக்கு ஒரு கட்டடமா? அது எம்புட்டுப் பெரிய வார்த்தைன்னு நீங்களே சொல்லிட்டீங்களே" என்று அக்கா எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

பத்து நாளில் அவர் அக்காவின் மீது மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்தார். பழைய தீவிரவாதி, பொய்ச் சான்று எழுதித் தொழிலாளரைத் தூண்டுகிறார், மருத்துவராகப் பதிவு பெற்றதை ரத்து செய்ய வேண்டும் என்பது புகார். பதிவு ரத்தானால் அக்கா எழுதிய சீட்டுகள் வெற்றுத்தாள்களாகிவிடும். இனி மலையில் விழுகிறவர்களை எல்லாம் பசி மயக்கம் என்றே எழுதிப் புதைத்துவிடுவார்கள். பழைய தோழர்கள் வந்து, விசாரணை நாளில் கொடியோடு திரளலாம் என்றார்கள். அக்கா மறுத்துவிட்டு என்னிடம், "கொடி வேண்டாம். ரெஜிஸ்டரத் தூக்கிட்டு வா. பேச்சியையும் கூப்பிடு" என்றார்.

மூத்த மருத்துவர்கள் மூவர் விசாரித்தார்கள். உரிமையாளரின் வக்கீல் எடுத்த எடுப்பிலேயே, "நீங்கள் சிறையில் இருந்தவர்தானே?" என்றார்.

"ஆமா. உள்ள போன தாளும் இருக்கு, விடுதலையான தாளும் இருக்கு. எது வேணும்?" என்றார் அக்கா.

மூவரில் வயதானவர் பதிவேட்டை வாங்கினார். வேலை என்ற பகுதியில் விரலை வைத்துப் பக்கம் பக்கமாக இறக்கிக்கொண்டே போனார். வக்கீல் குறுக்கிட்டு, இவர்கள் காலையில் சாப்பிடாமல் வருவதால் மயங்குகிறார்கள் என்றார். பெரியவர் பேச்சியம்மாளைப் பார்த்து, "நேராணோ அம்மா? பட்டினியா?" என்று மலையாளமும் தமிழும் கலந்து, உண்மைதானா எனக் கேட்டார்.

பேச்சியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "சார், பட்டினியில மயங்குறதுன்னா நாங்க ஞாயித்துக்கிழமையில்ல மயங்கணும்? அன்னைக்குத்தான் வேலையுமில்ல, சோறுங் கம்மி. ஞாயித்துக்கிழமை ஒருத்தராச்சும் விழுந்துருக்கமான்னு அந்த நோட்டுல பாருங்க!"

பெரியவர் பார்த்தார். நாங்களும் எட்டிப் பார்த்தோம். ஞாயிறும் நாங்கள் கதவைத் திறந்தே வைத்திருந்தும், மயங்கியவர்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். வக்கீல் தம் தாள்களை அடுக்கத் தொடங்கிவிட்டார்.

சில வாரங்களில் உத்தரவு வந்தது. புகாருக்கு ஆதாரம் இல்லை. மருத்துவர் எழுதியது சரி. சந்திப்பில் ஜீப்புகள் வந்து நின்ற காலை நேரத்தில் நான் அதை உரக்கப் படித்தேன். படித்து முடிக்கும் முன்பே பெண்கள் குலவையிட்டார்கள். கோயில் கொடை விழாவில் கேட்ட குலவையை அன்று ஓர் அரசாங்கத் தாளுக்குக் கேட்டேன். அதன்பின் தொழிலாளர் துறை அதிகாரிகள் தோட்டத்திற்குச் சென்றார்கள். மருந்து அடித்த காட்டுக்குள் உரிய நாட்கள் கழியும்வரை ஆள் இறக்கக்கூடாது, மருந்து அடிப்போருக்குக் கையுறையும் முகமூடியும் குளிக்கத் தனி இடமும் வேண்டும் என்று முடிவாயிற்று. இரண்டாண்டு கழித்து அந்த உரிமையாளரின் மேற்பார்வையாளரே மருந்துக் கிடங்கில் விழுந்தார். அவருக்கும் அக்காதான் வைத்தியம் பார்த்தார். அதே சொற்களில்தான் சீட்டும் எழுதினார். இம்முறை மாற்றச் சொல்லி ஒருவரும் வரவில்லை.

அக்கா குறையே இல்லாதவர் என்று நான் எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். கோபக்காரர். திருமணம் செய்துகொள்ளவில்லை; பிறர் திருமணத்திற்கு வந்தாலும் சும்மா இருக்கமாட்டார். மணப்பெண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்து, "ரத்தமே இல்ல, தாலிய அப்புறம் கட்டலாம், மொதல்ல கீரை குடுங்க" என்று சொன்னதால், இரண்டு குடும்பங்கள் எங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டன. அந்த இரு குடும்பத்தாரும் இன்று இங்கே வந்திருப்பது எங்களுக்குப் பெருமை.

கடைசி ஆண்டில் இதயம் தளர்ந்தபோதும் நாற்காலியை விட்டு எழவில்லை. உடல்தானத்தைப் பற்றி நான் தயங்கியபோது, "செத்த பெறகும் நாலு புள்ளைக என்னைய வச்சுப் படிக்கட்டும்டா, எரிச்சு என்ன காணப் போற?" என்றார். ஒரு பிற்பகலில், கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு, மேசையின்மேல் கை வைத்தபடியே அமைதியானார்.

அக்காவின் இறுதி நாட்களில் துணைநின்ற செவிலியர்களுக்கும், தொகை வாங்காமல் எங்களை மலையிறக்கிய ஜீப் ஓட்டுநர்களுக்கும், உடலை மரியாதையோடு ஏற்றுக்கொண்ட கல்லூரியாருக்கும், அன்று வேலைக்குப் போகாமல் சந்திப்பில் வந்து நின்ற ஏலத்தோட்டப் பெண்களுக்கும், மாரிச்சாமி பேச்சியம்மாள் தம்பதியருக்கும் எங்கள் குடும்பத்தின் சார்பில் தலைதாழ்ந்த நன்றி. அக்காவின் இடத்தில் வந்தமர்ந்திருக்கும் இளம் மருத்துவருக்குத் தனி நன்றி.

இக்கட்டுரையை முடிக்குமுன் அவரிடம் சென்று, "இந்த ஒரு வருசத்துல அந்த ஆனைக்கரைத் தோட்டத்துல மருந்தடிச்சு விழுந்தவங்க எத்தனை பேரு தாயி?" என்று கேட்டேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒருத்தரும் இல்லைங்கய்யா."

அந்தச் சொல்லை நான் எழுந்து நின்று கேட்டுக்கொண்டேன்.

வணக்கத்துடன்,
தம்பி