ஓரகத்தியின் அண்ணன் சொன்னால்தான் ஊசி

கொரோனா தடுப்பூசி வந்த புதிதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி இருந்தது. நான் விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஒரு மெடிக்கலில் மருந்தாளுநர். என் ஓரகத்தி மருந்து பற்றி எதுவும் படித்தவள் இல்லை. ஆனால் அவளுடைய அண்ணன் சென்னையில் டாக்டர். மாமியாருக்குச் சர்க்கரை உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வேறு. ஊசி போடலாமா என்று அவர் கேட்டது என்னிடம் இல்லை, அவளிடம்.

அண்ணன் பேசியதை ஸ்பீக்கரில் போட்டாள். "கொஞ்சம் பொறுங்கம்மா. கம்பெனிக்காரங்க அவசரப்பட்டுக் கொண்டாந்துட்டாங்க. ரத்தம் உறையுதுன்னும் சொல்றாங்க."

கடலூரில் ஸ்டென்ட் வைத்த டாக்டரோ உடனே போடச் சொல்லியிருந்தார். அண்ணன் சொன்னது தப்பு என்று காட்டும் செய்திகளை மட்டும் ஒரு வாரம் தேடித் தேடிப் படித்தேன். மாமியாரின் உடம்பை விட, அவளை ஜெயிப்பதுதான் மனதில் இருந்தது. அது உறைத்த பிறகுதான் கடலூர் டாக்டருக்கே போன் செய்து, ரத்தம் உறைவது நிஜமா என்று கேட்டேன்.

"நிஜந்தான், ஆனா ரொம்ப அபூர்வம். இவங்க வயசுக்கும் சர்க்கரைக்கும் நோய் வந்தாத்தான் பெரிய ஆபத்து" என்றார்.

அன்று சாயங்காலம் ஓரகத்தியையும் வைத்துக்கொண்டு மாமியாரிடம் சொன்னேன். "கம்பெனி லாபத்துக்குத்தான் விக்கிறாங்க அத்தை. நான் தெனமும் கடையில பாக்குறேன். அதுக்காக மருந்து வேலை செய்யாதுன்னு ஆயிடுமா? அது வேற கேள்வி, இது வேற கேள்வி."

"நீ நல்லாத்தாம்மா சொல்ற. இருந்தாலும் அவுரு டாக்டராச்சே."



அடுத்த அலை வந்தது. ஊரடங்கில் பீங்கான் பட்டறைகள் மூடிக் கிடந்தன; வேலையில்லாமல் என் கணவரும் கொழுந்தனும் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருநாள் காலையில் சென்னையிலிருந்து போன். "அம்மாவுக்கு ஊசி போட்டுடுங்க. நான் முன்னாடி சொன்னது தப்பு."

மாமியார் உடனே புடவை மாற்றிக்கொண்டார். "தப்புன்னு ஒத்துக்கிறாரு பாரு, அதான் பெரிய மனுஷன்" என்று ஓரகத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோ ஏறினார். நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் சரியாகச் சொன்ன எனக்குக் கிடைக்காத மதிப்பு, தப்பாகச் சொன்னவருக்கு இரட்டிப்பாகக் கிடைத்ததைத் தாங்க முடியவில்லை.

திரும்பி வந்ததும் ஓரகத்தி அடுப்படிக்கு வந்தாள். "அக்கா, நீங்க அன்னிக்குச் சொன்ன ரெண்டு கேள்வியத்தான் எங்கண்ணங்கிட்ட கேட்டேன். பதில் சொல்ல முடியாமத்தான் மறுபடி ஒக்காந்து படிச்சாரு."

"இத அத்தைகிட்ட சொன்னியா?"

"இல்லியே. சொல்லணுமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறினேன். சொல்லேன் என்று கேட்க ரோஷம் விடவில்லை. மாமியாருக்கு அன்றிரவு அடித்த காய்ச்சல் மறுநாளே விட்டது. இரண்டாவது ஊசிக்கும் அவளோடுதான் போனார்.