வெள்ளைச்சாமி விட்டுக்கொடுக்கவில்லை

மதுரை வண்டியை அனுப்பிவிட்டு, திருமயம் பஸ் ஆபீஸ் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். புதுக்கோட்டையிலிருந்து வந்து நின்ற வண்டியின் டிரைவர் சீட்டை விட்டு இறங்காமலே தலையை நீட்டி, "அண்ணே, ஒங்க வெள்ளைச்சாமி நேத்து ராத்திரி போயிட்டாராம்ல, தெரியுமா?" என்றார். "வண்டி லேட்டு, முதல்ல எடு" என்று அவரிடம் எரிந்து விழுந்தேன். வண்டி கிளம்பிப் போன பிறகுதான் அவர் சொன்னது எனக்குள் இறங்கியது. கையிலிருந்த டீயை என்ன செய்வதென்று தெரியாமல் அதோடேயே போய் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அவனைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இறந்தவரை "அவர்" என்று எழுதுவதுதான் முறை. ஆனால் ஒரே பந்துக்காகச் சேற்றில் புரண்டவர்கள் நாங்கள். மரியாதை போட்டு எழுதினால் எழுந்து வந்து உதைப்பான். அதனால் அவன் அவனாகவே இருக்கட்டும்.

கால்பந்தில் அவன் ரைட் பேக். நான் அவனுக்குப் பின்னால் கோல் காக்கிற கோலி. எங்கள் டீமில் அவன் முகத்தைப் பார்த்தவர்கள் மற்ற ஒன்பது பேர். முதுகைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். எதிராளி பந்தோடு வரும்போது அந்த முதுகு லேசாக வளைவதை வைத்தே எந்தப் பக்கம் அடைக்கப்போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிடும். கண்மாய்க் கரை உடைப்பெடுத்தால் குறுக்கே படுத்து அடைப்பார்களே, அப்படி ஆடுவான். ஒருநாள், எப்படிடா முன்கூட்டியே தெரிகிறது என்று கேட்டேன். "பந்து பொய் சொல்லும்டா. காலும் பொய் சொல்லும். இடுப்பு சொல்லாது. நான் இடுப்பைத்தான் பார்ப்பேன்" என்றான்.

சமஸ்தானம் இருந்த வரையில் புதுக்கோட்டையில் பந்தாடுகிறவனுக்கு ஒரு மதிப்பு இருந்தது. பனியன் வாங்கித் தரவும், ஆட்டம் முடிந்தால் பலகாரம் போடவும் பெரிய மனிதர்கள் இருந்தார்கள். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷத்தில் அந்தக் கைகள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டன. நாங்கள் ஆளுக்கொரு வேலை தேடிக்கொண்டோம். வெள்ளைச்சாமிக்குப் பந்தைத் தவிர எதிலும் மனம் ஒட்டவில்லை. மதுரையில் ஒரு மில் டீமுக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு தகரப்பெட்டியோடு கிளம்பினான். அவனுடைய அப்பா மானாவாரி நிலத்தில் கடலை போட்டுப் பிழைத்தவர். "பந்தை ஒதைச்சா எவன்டா சோறு போடுவான்?" என்று கேட்டார். "ஒதைக்கிறதுக்கு இல்லப்பா. அடுத்தவனை ஒதைக்க விடாம நிக்கிறதுக்குச் சம்பளம் தாராங்க" என்றான். அவர் கடைசி வரையில் அதை நம்பியதாகத் தெரியவில்லை.

பெயருக்கு மில்லில் நூல் பிரிவு, உண்மையான வேலை மைதானத்தில். அந்தக் காலத்தில் பந்தாடிப் பிழைத்தவர்கள் எல்லோருக்கும் இதுதான் வாழ்க்கை. மதுரையிலிருந்து கோலார் தங்கவயலில் சுரங்கக் கம்பெனி டீமுக்குப் போனான். அங்கேதான் முதல்முதலாகப் பூட்ஸ் போட்டான். இங்கே நாங்களெல்லாம் கணுக்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலில் ஆடிக்கொண்டிருந்தோம். லீவில் வந்தபோது பூட்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினான். கல்யாண வீட்டில் நகை பார்ப்பதுபோல் ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தோம். அவன் மட்டும் சந்தோஷப்படவில்லை.

"இது நல்லதுக்கு இல்லடா. வெறுங்கால்ல ஆடுறப்ப எதிராளிக்கு எவ்வளவு வலிக்கும்னு நம்ம காலே சொல்லிரும். இதைப் போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரிய மாட்டேங்குது" என்றான். பெரிய ஆட்டக்காரன் ஆகிவிட்டதால் அலட்டுகிறான் என்று நாங்கள் கேலி செய்தோம்.

பிறகு கோயமுத்தூரில் ஒரு மில் அவனை அழைத்துக்கொண்டது. அதற்குள் சிவகாமியோடு அவனுக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. மில்லில் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. புதுக்கோட்டையில் நடக்கிற போட்டியில் கோப்பையை ஜெயித்து வந்தால் வேலை நிரந்தரம், குடியிருக்க மில் லைனில் வீடு என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். சிவகாமி இங்கே பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

இறுதி ஆட்டத்தில் அந்த மில்லை எதிர்த்து நின்றது எங்கள் ஊர் டீம். விதி என்பதை வேறு எப்படிச் சொல்வது? ஆட்டம் தொடங்குமுன் என்னிடம் வந்து கைகொடுத்து, "ஒன் பக்கம் பந்து நெறைய வரும், முழிச்சுக்கிட்டு நில்லுடா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

அவன் ஆடிய ஆட்டத்தை அன்று பார்த்தவர்கள் இன்னும் பலர் இருக்கிறீர்கள். சொந்த ஊர் என்று துளியும் பார்க்கவில்லை. எங்கள் பார்வர்டுகளைப் பெனால்டி ஏரியாவுக்குள் அண்டவிடவில்லை. ஊர்க்காரர்கள் அவனை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அவன் வீட்டுப் பெண்களைக்கூட விட்டுவைக்கவில்லை. ஒரு கோலும் விழாமல் ஆட்டம் முடிகிற நேரம். குளத்தூர் துரைராசு, எங்கள் லெப்ட் அவுட், ஓட்டத்தில் மான்குட்டி, பந்தைச் சற்று முன்னால் தட்டிவிட்டுப் பாய்ந்தான். வெள்ளைச்சாமியும் பாய்ந்தான். பந்து அவனுக்குத்தான் அருகில் இருந்தது. அவனுடைய பூட்ஸ் கால் வேகமாக வந்துகொண்டிருந்தபோதே பந்தின் மேல் துரைராசுவின் வெறுங்கால் விழுந்தது. வெள்ளைச்சாமி காலை இழுத்துக்கொண்டான். இழுக்காமல் இருந்திருந்தால் பந்து வெளியே போயிருக்கும், துரைராசுவின் பாதம் நொறுங்கியிருக்கும். துரைராசு தட்டினான், கோல் விழுந்தது, ரெப்ரி விசில் ஊதினார்.

அதற்குப் பிறகு எங்கள் ஊர் செய்ததைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. சற்று முன்பு வரை அவன் பரம்பரையையே ஏசிக்கொண்டிருந்த கூட்டம் மைதானத்துக்குள் ஓடிவந்து அவனைத் தோளில் தூக்கிக்கொண்டது. ஜெயித்த காப்டனுக்காக வாங்கிவைத்திருந்த ரோஜா மாலையை ஒரு பெரியவர் கொண்டுவந்து வெள்ளைச்சாமி கழுத்தில் போட்டார். "தானாடாட்டாலும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க. நம்ம புள்ள நமக்கு விட்டுக்கொடுத்துட்டான்" என்று எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னார். "நான் விட்டுக்கொடுக்கலைங்க, இறக்குங்க, இறக்கி விடுங்க" என்று அவன் தோள்களின் மேலிருந்து கெஞ்சியது எனக்குக் கேட்டது. முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த மில் மேனேஜருக்கு அது கேட்கவில்லை. அவர் கண்ணுக்குப் பட்டது மாலை மட்டும்தான்.

"முன்னாடி ஆடுறவன் ஒரு கோல் அடிச்சா மாலை. பின்னாடி நிக்கிறவன் நூறைத் தடுத்து ஒண்ணை விட்டா செருப்பு" என்று அவன் அடிக்கடி சொல்வான். அவன் ஆட்ட வாழ்க்கையில் அவன் கழுத்தில் விழுந்த ஒரே மாலை அதுதான். செருப்பாக இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

மில் வண்டி அவனை ஏற்றிக்கொள்ளாமலே போய்விட்டது. வேலை போயிற்று. சிவகாமி சாக்குக் கட்டைப் பிரித்துப் பாத்திரங்களை மறுபடி அடுக்கினாள். பார்த்தவர்களிடமெல்லாம் நான் சொன்னேன்: துரைராசு வெறுங்கால், அதனால்தான் இழுத்துக்கொண்டான், வேறொன்றும் இல்லை. "சரிப்பா, சரிப்பா, நாங்க வெளிய சொல்ல மாட்டோம்" என்று கண்ணைச் சிமிட்டினார்கள். ஊருக்கு அந்தக் கதை பிடித்துப்போய்விட்டது. ஆசையாக வைத்துக்கொண்ட கதையை யார்தான் கீழே போடுவார்கள்?

அதன்பின் பெங்களூர், பம்பாய், கல்கத்தா என்று அவன் சுற்றாத ஊரில்லை. ஒரு டீமிலும் நிலைக்கவில்லை. அவன் போய்ச் சேருமுன் அந்தக் கதை போய்ச் சேர்ந்திருக்கும். பெங்களூரில் உடை மாற்றுகிற அறையில் ஒருத்தன், "இன்னைக்கு எதிர் டீம்ல ஒங்க ஊர்க்காரன் எவனாவது இருக்கானா, இப்பவே சொல்லிரு" என்று கேட்டானாம். எல்லோரும் சிரித்தார்களாம். தானும் சிரித்ததாக வெள்ளைச்சாமி சொன்னான்.

பம்பாயில் நடந்ததை அவன் சிரிக்காமல்தான் சொன்னான். அங்கே ஒரு ஆட்டத்தில் சின்னப் பையன் ஒருத்தன் பந்தோடு வந்திருக்கிறான். இவன் இந்த முறை காலை இழுக்கவில்லை. பையனுடைய கணுக்கால் போய்விட்டது. டீம் மேனேஜர் வந்து முதுகில் தட்டிக்கொடுத்தாராம். "அன்னைக்கு இழுத்திருக்கலாம்டா. இழுத்தா என்ன சொல்லுவாங்களோன்னு இருந்துட்டேன்" என்றான். அந்த சீசன் முடிந்ததும் பம்பாயை விட்டுக் கிளம்பிவிட்டான்.

முழங்கால் தேய்ந்து ஊருக்குத் திரும்பியபோது எங்கள் பஸ் கம்பெனியிலேயே செக்கர் வேலை கிடைத்தது. டிக்கெட் எடுத்த ஊரைத் தாண்டி வந்தவர்களிடம்கூடக் குரல் உயர்த்தாத செக்கர். ஆனால் பாதிப் பயணிகள் அவனை அடையாளம் கண்டுகொண்டு, "ஊருக்காக கோல விட்டவர்ல நீங்க?" என்று இடம் ஒதுக்கி உட்காரச் சொல்வார்கள். அவன் உட்காரமாட்டான். தேய்ந்த முழங்காலோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவான்.

போன சித்திரையில் ஒரு மத்தியானம். பஸ் ஆபீஸில் நானும் அவனும் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று கேட்டான்: "ஏன்டா, நான் விட்டுத்தான் கொடுத்துட்டேனோ?"

"என்னடா பேச்சு இது?"

"இல்லடா. அம்புட்டுப் பேரு சொல்றாங்க. வெறுங்கால்னு இழுத்தேனா, நம்ம குளத்தூர் பயன்னு இழுத்தேனா? யோசிச்சா யோசிச்சா எனக்கே வெளங்க மாட்டேங்குது. வேற ஊர்க்காரனா இருந்திருந்தா இழுத்திருப்பேனா?"

"இழுத்திருப்படா. எனக்குத் தெரியும்."

"நீ என் கூட்டாளி. நீ அப்படித்தான் சொல்லுவ" என்று சோற்றைப் பிசைந்தான். வேலையைப் பிடுங்கியது மில். அவன் மனசாட்சியைப் பிடுங்கியது நாங்கள், அவனைத் தோளில் தூக்கிய நாங்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவன் வீட்டில் நல்ல கூட்டம். நான் சொல்லிப் பத்திரிகையில் ஒரு மூலையில் இரண்டு வரி வந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுத் தங்கவயலிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஆரோக்கியம் என்று பெயர், சுரங்கத் தொழிலாளி. பந்தலில் வழக்கம்போல ஒருவர் எழுந்து, ஊருக்காகக் கோலை விட்டுக்கொடுத்த உத்தமர் என்று பேசி முடித்தார். அடுத்து ஆரோக்கியத்தைப் பேசச் சொன்னார்கள். எங்கள் ஊர்க் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. முன்னால் பேசியவர் சொன்னதும் அவருக்குச் சரியாகப் புரிந்திருக்கவில்லை.

"நான் அவரோட ஒரே ஒரு மேட்ச்தான் ஆடியிருக்கேன். அதுவும் எதிர் டீம்ல" என்று ஆரம்பித்தார். "அவரு கம்பெனி டீம். நாங்க லைன் வீட்டுப் பசங்க, பூட்ஸுக்கு எங்க போவோம்? நான் பந்தை எடுத்துக்கிட்டு ஓடுறேன். இவரு பூட்ஸ் காலோட வர்றாரு. போச்சு, கால் போச்சுன்னு கண்ணை மூடிக்கிட்டேன். ஒண்ணும் ஆகல. தொறந்து பார்த்தா காலைப் பின்னால இழுத்துக்கிட்டு நிக்கிறாரு. நான் கோல் அடிச்சிட்டேன். அன்னிக்கு அவங்க தோத்துட்டாங்க. கம்பெனிக்காரங்க அவரைத் திட்டின திட்டு! நான் யாரு அவருக்கு? என் பேருகூட அவருக்குத் தெரியாது. அந்தக் காலை வெச்சுக்கிட்டுத்தான் இன்னிக்கும் சுரங்கத்துல எறங்குறேன். சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

இப்படியொரு ஆட்டம் நடந்ததாக வெள்ளைச்சாமி ஒருநாளும் சொன்னதில்லை. மறந்திருப்பான். காலை இழுத்துக்கொண்டது நினைவில் வைக்கிற விஷயமாகவே அவனுக்குப் பட்டிருக்காது. அவன் என்னிடம் கேட்டானே, வேற ஊர்க்காரனா இருந்தா இழுத்திருப்பேனா என்று, அதற்கான பதில் அவன் கேள்வி கேட்பதற்குப் பல வருஷம் முன்பிருந்தே கோலாரில் உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தது. சித்திரையில் தெரிந்திருந்தால் ஒரு பஸ் பிடித்து அழைத்துப் போயிருப்பேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து சிவகாமி எழுந்து வந்தாள். அவன் படத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, "ஐயா, இங்கிட்டு வாங்க. இங்கிட்டு வந்து நின்னு இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள். ஆரோக்கியம் தயங்கிக்கொண்டே வந்து நின்று, முதலிலிருந்து மறுபடியும் சொன்னார்.

என்னிடம் அவனுடையது என்று பொருளாக ஒன்றும் இல்லை. எந்த ஊர்ப் பையன் என்று பார்க்காமல் பின்னுக்குப் போன ஒரு கால், அதை நினைவில் வைத்திருக்கிறேன். அவனிடமே அதைச் சொல்ல முடியாமல் போனதையும் நான்தான் வைத்திருக்க வேண்டும்.