சரோ அக்காவின் குரல் நின்ற சுற்று

தொலைபேசியில் குணம் அண்ணையின் பெயர் தெரிந்தபோது நான் மிசிசாகாவில் ஒரு காருக்கு முன்னால் குந்தியிருந்தேன். மோதி நொறுங்கிய கார்களைப் பார்த்து, திருத்தலாமா தூக்கி எறியலாமா என்று காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்வது என் வேலை. குணம் அண்ணை சரோ அக்காவின் கணவர். வேலை நாளில், காலை வேளையில் அழைக்கிறவர் அல்லர். எதற்கு அழைக்கிறார் என்று தெரிந்துவிட்டது. தெரிந்ததால் எடுக்கவில்லை. மணி அடித்து ஓய்ந்தது. காரின் முன்பக்கத்தைப் படம் எடுத்தேன், பின்பக்கத்தை எடுத்தேன், தேவையே இல்லாமல் கூரையையும் எடுத்தேன். பிறகுதான் திருப்பி அழைத்தேன்.

"சரோ போயிட்டா தம்பி," என்றார். "முதல்லை உனக்குத்தான் எடுத்தனான். நீ வேலையாக்கும் எண்டு விட்டிட்டன்."

"ஓம் அண்ணை, வேலைதான்," என்றேன். வேலை உண்மை, எடுக்காததற்குக் காரணம் அதுவல்ல. கேட்காமல் விட்டால் நடக்காமல் போய்விடும் என்று நம்புகிற ஆள் நான். சரோ அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும்.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவர் ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய சரோ அக்கா. உங்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அதட்டி இருக்கையில் இருத்தியவர். எனக்கு அவர் காதுக்குள் இருந்த குரல். வார இறுதிகளில் நான் ஸ்டொக் கார்ப் பந்தயம் ஓடுகிறவன். வட்டப் பாதையில் ஒன்றையொன்று உரசி ஓடும் அந்தக் காரை ஓட்டுபவனால் தலையைத் திருப்ப முடியாது. தலைக்கவசமும் பட்டிகளும் இறுக்கிப் பிடித்திருக்கும். பக்கத்தில் யார் வருகிறார் என்று பார்த்துச் சொல்ல, பார்வையாளர் மாடத்தின் உச்சியில் ஒருவர் ரேடியோவோடு நிற்பார். ஸ்பொட்டர் என்பார்கள். ஒரு சனிக்கிழமை, தின்பதற்கு றோல்ஸ் பெட்டியோடு சும்மா பந்தயம் பார்க்க வந்தவர்தான் சரோ அக்கா. ஒருவன் என்னை இடிக்க வருவதைக் கண்டு எழும்பி நின்று கத்தினார். ஒஷாவாவில் கராஜ் வைத்திருக்கும் டக்தான் எங்கள் காரைக் கட்டியவர், குழுவுக்கும் அவரே தலைவர். டக்குக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அத்தனை எஞ்சின்களின் இரைச்சலையும் தாண்டி ஒரு குரல் கேட்டால் அதன் பெறுமதி தெரியும். அடுத்த வாரமே ரேடியோவை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

சரோ அக்கா எல்லாவற்றையும் தமிழிலேயே சொன்னார். "உள்ளுக்கு ஒருத்தன். வெளியால ஒருத்தன். இப்ப ஒருத்தருமில்லை, போ." மற்றக் குழுக்கள் எங்கள் அலைவரிசையைத் திருப்பி ஒட்டுக் கேட்டும் ஒன்றும் விளங்காமல் திண்டாடின. ஒரு குழு, கார் கழுவும் இடத்தில் வேலை செய்யும் தமிழர் ஒருவரைக் கூட்டி வந்து காதில் கருவியை மாட்டி இருத்தியது. சரோ அக்கா மேலிருந்து கண்டுவிட்டார். எனக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிக்கொண்டே இடையில், "பச்சைக் கார்க்காரரோட நிக்கிற தொப்பி போட்ட அண்ணை, உங்கட மனிசி கோயில்லை எனக்குப் பக்கத்திலைதான் இருக்கிறவ. உந்த வேலைக்கு வந்தது அவவுக்குத் தெரியுமோ?" என்றார். அந்த மனிதர் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு எங்கள் பக்கம் வந்து றோல்ஸ் சாப்பிட்டார்.

அவருடைய முறை ஒன்றுதான்: பேச்சை விடக்கூடாது. பக்கத்தில் யாருமில்லாத நேரத்திலும் பேசுவார். மரக்கறி விலை, யாருடைய கலியாணத்தில் சாப்பாடு போதாமல் போனது, எந்தப் பிள்ளை பஸ்ஸில் சாப்பிட்டதைச் சத்தி எடுத்தது. முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார்: "நான் கதைச்சுக்கொண்டிருந்தா நீ பயப்பிடாமல் ஓடு. கதை நிண்டா ஏதோ பிழை. என்னைக் கேள். மறுமொழி இல்லாட்டி பிட்டுக்கு வா." பிட் என்பது ஓடுபாதையை விட்டு விலகிக் காரை நிறுத்தும் இடம். இடையில் அங்கே போனால் அந்தப் பந்தயம் போனதுதான். ஆனாலும் அதுதான் எங்கள் ஒப்பந்தம். நானும் பெரிய மனிதனாகத் தலையாட்டினேன்.

போன வருடம் எங்களுக்கு எல்லாம் கூடி வந்தது. ஒன்ராறியோவின் சின்னச் சின்ன ஊர்ப் பாதைகளில் ஓடும் தொடர் அது; பரிசுப் பணம் காருக்கு ரயர் வாங்கவே காணாது. ஆனால் கோடை நடுவில் நான் புள்ளிகளில் முன்னுக்கு வந்துவிட்டேன். என்னைத் துரத்தியவன் பச்சைக் கார்க்காரன். அந்த மாதங்களில்தான் சரோ அக்காவின் பேச்சில் இடைவெளிகள் விழத் தொடங்கின. ஒரு வசனம் முடிய மூச்சு இழுப்பார். மாடத்தில் நின்றவர்களுக்கு எஞ்சின் இரைச்சலில் அது கேட்டிராது. எனக்குக் கேட்டது. அவருடைய மூச்சை என்னளவுக்குப் பக்கத்தில் கேட்டவர் வேறு யாரும் இல்லை, குணம் அண்ணை உட்பட.

"என்னக்கா, மூச்சு இளைக்குது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"படி ஏறி வந்தனான். பிறகு இளைக்காமல்?"

அவர் படி ஏறி நெடுநேரமாகியிருந்தது. எனக்கு அது தெரியும். சரி என்று விட்டுவிட்டேன். வைத்தியரிடம் போங்கள் என்று சொன்னால் அடுத்த சனிக்கிழமை மேலே யார் நிற்பது?

தொடரின் கடைசிப் பந்தயம் ஒரு ஞாயிறு மத்தியானம். பச்சைக் காருக்கு முன்னால் முடித்தால் பட்டம் எனக்கு. முடிவதற்குச் சில சுற்றுகள் இருக்கையில் நான் முன்னுக்கு இருந்தேன்; அவன் என் பின்பக்கத்தை முகர்ந்துகொண்டு வந்தான். சரோ அக்கா யாரோ ஒருவரின் புது வீட்டுச் சமையலறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "அலுமாரி எல்லாம் வெள்ளையாம், மஞ்சள் பட்டா..." என்றார். பிறகு ஒன்றும் இல்லை.

இரண்டு வளைவுகள் காத்திருந்தேன். பிட் வாசல் வந்தது. என் கை அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பியது. பின் நேராகிவிட்டது. ரேடியோ பழுதாகியிருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். கண்ணாடியில் பச்சை நிறம் பெரிதாகத் தெரிந்தது. நான் கண்ணாடியைப் பார்த்தே ஓடினேன், வென்றேன்.

கொடி விழுந்து, நான் காரின் மேல் ஏறிக் கையை உயர்த்தியபோது எங்கள் ஆட்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் மாடத்தின் பின்பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். அங்கே அம்புலன்ஸ் நின்றது.

இருதயம் நாட்பட்டே பலவீனமாகியிருந்தது என்றார்கள் வைத்தியர்கள். அவர் விழுந்த உடனேயே பக்கத்தில் நின்றவர்கள் கவனித்துவிட்டதால், நான் பிட்டுக்கு வந்திருந்தாலும் ஒன்றும் மாறியிராது என்று டக் பலமுறை சொன்னார். சரிதான். ஆனால் அவர் மூச்சு வாங்கியது கோடை முழுவதும். அந்தக் கோடை முழுவதும் அதைக் கேட்டவன் நான்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என்னைக் கண்டு, "வெண்டனியோ?" என்று கேட்டார்.

"ஓமக்கா."

"அப்ப ஏன் உந்த மூஞ்சை?"

காருக்குள் பூட்டியிருந்த கமெராவின் படத்தைக் காட்டச் சொன்னார். என் தொலைபேசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக் கடைசிச் சுற்றுகளைப் பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். "இதிலை கை திரும்பினது. பிட்டுக்கு வர நினைச்சனி, என்ன?"

"ஓம். பிறகு, ரேடியோதான் பழுதாக்குமெண்டு..."

"பொத்தானை அமத்திக் கேட்டனியோ?"

பொத்தான் ஸ்டியரிங்கிலேயே, பெருவிரலுக்குக் கீழே இருக்கிறது. அதை அமத்துவதற்குக் கையை எடுக்கவும் தேவையில்லை. "இல்லை," என்றேன்.

தொலைபேசியை என்னிடம் திருப்பித் தந்தார். "நீ பிட்டுக்கு வந்து உந்த வெற்றிக் கப்பை விட்டிருந்தியெண்டா நானே உன்னை ஏசியிருப்பன். அது வேற. ஒருக்கா 'அக்கா' எண்டு கேட்டிருக்கலாம், தம்பி." பிறகு, மிச்ச றோல்ஸை யார் சாப்பிட்டது என்று விசாரித்தார்.

எனக்கு விளங்காததல்ல. கேட்டு மறுமொழி வராவிட்டால் நான் வெளியே வரவேண்டியிருக்கும். கேட்காதவரைக்கும் அது வெறும் ரேடியோ. பெருவிரலை நான் மறக்கவில்லை. வேண்டுமென்றே அசைக்காமல் வைத்திருந்தேன்.

பட்டம் வென்றதற்கு ஸ்காபரோவில் மண்டபம் எடுத்து விருந்து வைத்தோம். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். சரோ அக்கா கூறைச் சேலையும் ஓடும் சப்பாத்துமாக வந்து கப்பை மடியில் வைத்துப் படம் எடுத்தார். "ரேடியோ பழுதாகியும் தனி ஒருவனாக ஓடி வென்ற வீரர்" என்று மேடையில் என்னை அறிமுகப்படுத்தினார்கள். நீங்கள் கைதட்டினீர்கள். சரோ அக்காவும் தட்டினார், எல்லோரையும்விடப் பலமாக. நான் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ரயர் கடைக்காரருக்கு நன்றி சொன்னேன். அந்த ரேடியோவில் ஒரு பழுதும் இருக்கவில்லை. அதை அன்று மேடையில் சொல்லியிருக்க வேண்டும். அவர் முன்வரிசையில் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும்.

பனிக்காலத்தில் பலமுறை அவர் வீட்டுக்குப் போனேன், மன்னிப்புக் கேட்பதற்கென்றே. ஒவ்வொரு முறையும் வரும் வருடத்து ரயர்களைப் பற்றிக் கதைத்து, தேத்தண்ணி குடித்து, திரும்பி வந்தேன். பனி கரைந்த கையோடு குணம் அண்ணையின் அழைப்பு வந்தது.

இந்த வருடம் மாடத்தில் டக் நிற்கிறார். சரோ அக்காவிடமிருந்து பொறுக்கிய சில தமிழ்ச் சொற்கள் அவரிடம் இருக்கின்றன. உச்சரிப்பைக் கேட்டிருந்தால் அக்கா விழுந்து விழுந்து சிரித்திருப்பார். டக் அதிகம் பேசாத மனிதர். காதில் வெறும் இரைச்சல்தான் நிறைந்திருக்கிறது. சரோ அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது கப் அல்ல, அது குணம் அண்ணையின் வீட்டில் இருக்கிறது. அவர் கேட்கச் சொன்ன கேள்விதான் என்னிடம் மிச்சம். ஒவ்வொரு சுற்றிலும் பிட் வாசல் வரும்போது பொத்தானை அமத்தி, "இருக்கிறியளோ?" என்று கேட்கிறேன். ஏன் கேட்கிறேன் என்று டக் ஒருநாளும் கேட்டதில்லை. "ஓம்," என்கிறார். அந்த மறுமொழி வந்த பிறகே அடுத்த வளைவுக்குப் போகிறேன். இனி எத்தனை தரம் கேட்டாலும், கேட்டிருக்கவேண்டிய அந்த ஒரு தரம் அதில் சேராது, அக்கா.