தவறணைக்காரன் மகன்

இத்தாலியில், பலெர்மோ நகரில் நான் பார்த்துக்கொள்ளும் மூதாட்டியை சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கு எண்பத்தெட்டு வயது. இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. ஓரப் பார்வையால் ஆளைப் பிடித்துவிடுவார், எழுத்தைப் படிக்க முடியாது. வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறார். சமைப்பது, பல்லரோ சந்தைக்குப் போய் மீனும் மரக்கறியும் வாங்குவது, மருந்துப் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்வது எல்லாம் என் வேலை. போன குளிர்காலத்தில் இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்தது. இங்கிலாந்தில் அவருடைய முன்னோரைத் தேட வேண்டும்.

அவருடைய தாய் ஆங்கிலேயப் பெண். பலெர்மோக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். சிஞ்ஞோரா சிறு பிள்ளையாக இருந்தபோது யுத்தம் வந்து ஆங்கிலம் எதிரியின் மொழியாகிவிட்டது. தகப்பன் அதை வீட்டுக்குள் விடவில்லை. அதனால் இவருக்கு ஒரு சொல்லும் வராது. நான் துபாயில் ஆறு வருடம் ஒரு ஹோட்டல் வரவேற்பில் நின்றவன். அந்த ஆங்கிலம் இவருக்குப் போதுமாக இருந்தது.

"என் தாயின் தகப்பன் பப் வைத்திருந்தார். அவர் எப்படி இறந்தார் என்று அம்மா கடைசிவரை சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் சாக மாட்டேன்" என்று சிஞ்ஞோரா இத்தாலியனில் சொன்னார். சொல்லும்போதே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். குடிக்கடை வைத்திருந்த பாட்டனைப் பற்றி ஒருவர் நெஞ்சை நிமிர்த்திக் கதைப்பதை நான் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன்.

என் அப்பாவும் குடிக்கடைதான் வைத்திருந்தார். யாழ்ப்பாணத்தில் அதைத் தவறணை என்போம். பனங்கள்ளு விற்கிற இடம். எங்கள் ஊர்த் தவறணை கள் இறக்குவோரின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம், அப்பா அதன் மனேச்சர். எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது ஆயுதம் தூக்கிய ஓர் இயக்கம் அவரைச் சுட்டு லைட் போஸ்டில் கட்டி, 'சமூக விரோதி' என்று எழுதிய கடதாசி மட்டையொன்றைக் கழுத்தில் தொங்கவிட்டது. அதன்பிறகு அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனார். அங்கே யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அவர் சங்கத்திலை மனேச்சரா இருந்தவர். மாரடைப்பு." சங்கம் என்றால் சனத்துக்கு அரிசி, மா, சீனி விற்கிற சங்கக்கடைதான் நினைவுக்கு வரும். அம்மா சொன்னதில் முதல் பாதியில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பள்ளிக்கூடப் படிவத்தில் நானும் அப்படியே எழுதினேன். கலியாணம் பேசியபோதும் அதையே சொன்னேன். இந்த நகரின் சீசா பகுதியில் என்னோடு இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்துகிற மனைவிக்கும் அதையேதான் சொல்லி வைத்திருந்தேன்.

ஆகவே இந்தத் தேடல் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனாலும் சம்பளம் தருகிற மனுசி கேட்டால் மாட்டேன் என்பதா? பழைய குடிசனக் கணக்கின் பக்கங்களை டேப்லெட்டில் பெரிதாக்கி, கோழி கிளறியது போன்ற கையெழுத்தைக் கிழமைக்கணக்கில் படித்தேன். ஒருநாள் பாட்டனின் பெயரும் ஊரும் பொருந்தி வந்தன. தொழில் என்ற இடத்தில் 'லைசென்ஸ்ட் விக்சுவலர்' என்றிருந்தது. அகராதியைப் பார்த்தேன். உணவுப் பொருள் வழங்குபவர் என்று போட்டிருந்தது.

"இவர் உங்கள் ஆள் இல்லை, சிஞ்ஞோரா. இவர் அரிசி, மா விற்றவர். அரசாங்கச் சங்கக்கடை மாதிரி" என்று சொல்லிப் பக்கத்தை மூடிவிட்டேன். அவருடைய முகம் தொங்கிப் போயிற்று.

இரண்டு கிழமை கழித்து இங்கிலாந்திலிருந்து ஒரு தூரத்து உறவினர் மின்னஞ்சல் எழுதினார். பப் வைத்திருப்பவரை அங்கே அரச காகிதங்களில் அப்படித்தான் எழுதுவார்களாம். அது கௌரவமான பெயராம். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வயிற்றெரிச்சலும் வந்தது. எங்கள் அம்மா செய்த அதே வேலையை அங்கே அரசாங்கமே செய்து கொடுத்திருக்கிறது. எவனும் எவனையும் கட்டி வைக்கவில்லை.

பெயர் சரியென்று தெரிந்ததும் மற்றவை தாமாகவே வந்து விழுந்தன. அந்தப் பாட்டனுக்கு முன்னால் இரண்டு தலைமுறை அதே பப்பை நடத்தியிருந்தது. சிஞ்ஞோரா அந்தக் கட்டடத்தின் படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டு, மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். கடைசியில், மாசி மாதத்து ஒரு காலையில், அந்த ஊர்ப் பழைய பத்திரிகை ஒன்றில் மரண விசாரணைச் செய்தி கிடைத்தது. வந்தவர்களைக் குடித்துச் சண்டை போட விட்டார் என்று நீதவான்கள் அவருடைய லைசென்சைப் புதுப்பிக்க மறுத்திருக்கிறார்கள். நான்காம் நாள் அவர் பப்பின் கீழறையில் தூக்கில் தொங்கினார். பியர் எடுத்துவர ஒரு கூசாவோடு கீழே இறங்கிய அவருடைய மகள்தான் முதலில் கண்டிருக்கிறாள். அவளுக்கு ஒன்பது வயது. அவள்தான் சிஞ்ஞோராவின் தாய்.

"கிடைத்ததா? என்ன எழுதியிருக்கிறது?" என்று சிஞ்ஞோரா கதிரையின் நுனிக்கு வந்தார்.

அந்தப் பிள்ளை கூசாவோடு நின்றது என் கண்ணை விட்டுப் போகவில்லை. "இதயம்" என்றேன். "கட்டிலில், தூக்கத்திலேயே போயிருக்கிறார்." சிஞ்ஞோரா சிலுவை போட்டுக்கொண்டு, "நல்ல சாவு" என்றார். அதைப் பெரிய எழுத்தில் எழுதி வம்ச வரைபடத்தில் ஒட்டச் சொன்னார். எழுதி ஒட்டினேன். செய்தது நல்லதுதான் என்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பங்குனியில் தொரினோவிலிருந்து அவருடைய மருமகள் வந்து நான்கு நாள் நின்றாள். அக்காவின் மகள், ஆங்கிலம் நன்றாகப் படித்தவள். அவள் போன மறுநாள் நான் வேலைக்குப் போனபோது சிஞ்ஞோரா டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பத்திரிகையை இன்னொருமுறை படி" என்றார்.

படித்தேன். கட்டில், தூக்கம், இதயம். நான் முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார்.

"கீழறை எங்கே போயிற்று?" என்று கேட்டார்.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என் அம்மா இந்தக் கட்டடத்துக் கீழறைக்கு ஒருநாளும் இறங்கியதில்லை. குண்டு விழுந்தபோது எல்லாரும் கீழே ஓடினோம். அம்மா மட்டும் மேலேயே நின்றார். தன் பிள்ளைகளை விட்டுவிட்டு மேலே நின்ற தாய் என்று நான் அவரை எண்பது வருடம் வெறுத்தேன். அது ஏன் என்பதை நீ கையில் வைத்துக்கொண்டு எனக்கு இதயம் என்று சொன்னாய்."

"உங்களுக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன்."

"எனக்கா? வெட்கப்பட்டது நீ."

அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது. இத்தாலியனில் சொன்னேன். என் அப்பா ஒரு தவெர்னா வைத்திருந்தார் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் காதில் பட்டது, தவெர்னாவும் தவறணையும் ஒரே சொல். போர்த்துக்கீசப் பறங்கி கொண்டுவந்து எங்கள் ஊரில் போட்டுவிட்டுப் போன சொல். தமிழில் நாற்பது வருடம் தொண்டையில் கிடந்தது, இந்த ஊர்ப் பேச்சில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. சூட்டையும் மட்டையையும் லைட் போஸ்டையும் சொன்னேன்.

"அவரைப் போய்ப் பார்த்தது யார்?" என்று சிஞ்ஞோரா கேட்டார்.

"அம்மா. என்னை வீட்டுக்குள் விட்டுப் பூட்டிவிட்டுப் போனார்."

"என்ன கண்டார் என்று அம்மாவைக் கேட்டாயா?"

"இல்லை. போன வருடம் அம்மாவும் இறந்துவிட்டார்."

அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. "இனி மருந்துப் பெட்டிகளை மருந்துக்கடைக்காரி படித்துச் சொல்லட்டும்" என்றார். ஆறு வருடமாக அந்த மனுசியின் கண்ணாக இருந்தவன் நான். அந்த ஒரு வசனம் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. ஆனால் அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது நியாயம்.

அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். மனைவி தான் வேலை செய்யும் வீட்டிலிருந்து திரும்பிவந்து கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். மகள் பள்ளிக்கூடத்தில். செருப்பைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்று சொன்னேன்.

"அப்பா சங்கக்கடையிலை இருக்கேல்லை. தவறணையிலை இருந்தவர். மாரடைப்பும் இல்லை."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஓம், தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். விசாரிக்காமலே எங்கடை ஆக்கள் பொம்பிளை குடுத்தவை? கலியாணப் பேச்சுக்கால் நடந்த நேரமே எங்கடை ஐயா ஊருக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தவர். மிச்சத்தை மாமி சொன்னவா, நான் பிள்ளையைக் காட்ட அங்கை போய் நிண்ட நேரம்."

"அம்மா உமக்குச் சொன்னவவே? பிறகேன் நீர் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை?"

"அவன் கேட்டால் சொல்லு, கேக்காட்டி விடு எண்டவா. நீங்கள் கேக்கேல்லை."

அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். முதலில் வந்தது கோபம்தான். இவ்வளவு காலமும் நான் பெரிய இரகசியம் என்று கட்டிக் காத்ததை என்னைத் தவிர எல்லாரும் கதைத்து முடித்திருக்கிறார்கள்.

"இப்ப கேக்கிறன். சொல்லும்" என்றேன்.

அவளும் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

"மாமி தனியத்தான் போனவவாம். சனம் எல்லாம் படலைக்குள்ளை நிண்டு பாத்ததாம், ஒருத்தரும் கிட்ட வரேல்லை. வந்தால் தங்களையும் கட்டிப்போடுவாங்கள் எண்ட பயம். நைலோன் கயிறாம், முடிச்சு நல்லா இறுகிப் போச்சாம். கையாலை ஏலாமல் பல்லாலை கடிச்சு அவிட்டவவாம். ஒவ்வொரு முடிச்சா. விடிஞ்சு வெயில் ஏறுமட்டும்."

இருபத்தெட்டு வருடம் வெளிநாட்டிலிருந்து ஞாயிறுதோறும் அம்மாவோடு கதைத்தேன். மழை பெய்ததா, முழங்கால் நோ எப்படி, மருந்து எடுத்தீர்களா என்று கேட்டேன். ஓம் ராசா, ஓம் ராசா என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்ன அந்த வாய்தான் அந்தக் கயிற்றைக் கடித்த வாய். நான் ஒரு வார்த்தை கேட்பேன் என்று அவர் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் கேட்கவில்லை.