பூவாயி நடக்கிறாள்

சுவரில் உள்ளங்கையால் ஓர் அறை விட்ட பிறகுதான் பாஞ்சாலை வேலைக்குப் போவாள். கல்யாண மண்டபம் கட்டப்போகிறவர் எழுப்பிய சுற்றுச்சுவர் அது. இன்னும் பூசவில்லை, கல் சொரசொரவென்று கையைப் பிராண்டும். தினமும் அதே இடம், அதே அறை. "நில்லு, நில்லு. எத்தினி நாளைக்கு நிக்கிறன்னு நானும் பாக்கறேன்" என்று சுவரிடம் சொல்லிவிட்டு, தூக்குவாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு மெயின் ரோட்டுப் பக்கம் திரும்புவாள். எதிரே வருகிறவர்கள் சிரித்தால் அவர்களுக்கும் ஏதாவது கிடைக்கும்.

சுவர் நிற்கிற இடத்தில் ஒரு வழி இருந்தது. அவள் தெருவுக்கும் செராமிக் பட்டறைகளுக்கும் நடுவில், வேலிக்காத்தான் புதர்களை ஒதுக்கிக்கொண்டு, ஆட்கள் நடந்து நடந்தே உண்டான தடம். தெருவில் பாதிப் பெண்களுக்குப் பட்டறையில்தான் வேலை. பாஞ்சாலைக்கு ஃபினிஷிங். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைக் கப்பில் பக்கவாட்டில் ஒரு தழும்பு ஓடும். அதைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, இருந்த சுவடு தெரியாமல் ஆக்க வேண்டும். எத்தனை சோப்பு போட்டாலும் அவள் நகக்கண்ணில் வெள்ளை மண் போகாது.

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று தெருவில் சொல்வார்கள். உண்மைதான். ஸ்ரீமுஷ்ணம் போகிற பிரைவேட் பஸ்ஸில், நிறுத்தத்தைத் தாண்டி இறங்கச் சொன்ன கண்டக்டரைப் பஸ்ஸைப் பின்னாலேயே எடுக்க வைத்தவள். மாசிமகக் கூட்டத்தில் குறுக்கே கட்டிய கயிற்றைத் தூக்கிவிட்டு அடியில் நுழைந்தபோது போலீஸ்காரர் அதட்டினார். "நான் சாமி பாக்க வந்தனா, ஒங்க கயித்தப் பாக்க வந்தனா?" என்று கேட்டாள். அடைத்து வைத்த எதைக் கண்டாலும் அவளுக்கு ஆகாது. பக்கத்து வீட்டில் ஜன்னல் சாத்தியிருந்தால்கூட, போகிற போக்கில் தள்ளித் திறந்துவிட்டுத்தான் போவாள்.

ஆனால் அந்தச் சுவர் விஷயத்தில் கோபக்காரி என்று அவளைக் கேலி செய்கிறவர்கள் பூவாயி வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். பூவாயி அவளுடைய ஃபினிஷிங் மேசைக்காரி. எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்தவர்கள். வழியை அடைத்த பிறகு எல்லாரும் மெயின் ரோட்டைச் சுற்றித்தான் போகிறார்கள். தை மாதம், கரும்பு வெட்டு நேரம். டிரெய்லருக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த கரும்பு, ஓரமாக நடந்துகொண்டிருந்த பூவாயியைத் தட்டிவிட்டது. விழுந்தவளின் வலது பாதத்தில் சக்கரம் ஏறிவிட்டது. இப்போது அவள் வாசற்படிக்கும் அடுப்புக்கும் நடுவில் தரையில் தேய்த்துக்கொண்டு போகிறாள். பாஞ்சாலை அவளைப் பார்க்கப் போனால் அதிகம் பேச மாட்டாள். பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிடுவாள்.

பல இடங்களில் மனு கொடுத்து அலைந்த பிறகு, ஒருநாள் சுவர் விஷயமாகக் கடைசியாக ஓர் அதிகாரியைப் பார்த்தாள். அவர் தலையைத் தூக்கவே இல்லை.

"பட்டா நெலம்மா அது. சுத்திப் போனா கொறஞ்சா போயிடுவீங்க? அஞ்சு நிமிஷம்தான?"

"பூவாயி காலு அந்த அஞ்சு நிமிஷத்துலதான் சார் போச்சு."

"அடுத்த ஆளு" என்றார் அவர்.

அந்தச் சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஸ்டாண்டு அருகில் இருக்கிற பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தாள். மகள் துர்காவுக்கு அங்கே கவுன்ட்டரில் வேலை. சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு இருவரும் சேர்ந்து வீடு போவது வழக்கம். வந்ததும் வராததுமாகச் சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகினாள். சண்டைக்கு அதுதான் அறிகுறி. ஆனால் சண்டை போட அங்கே ஆள் இல்லை. கடைசியில் ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், மற்றபடி வரிசையாகக் கம்ப்யூட்டர்கள்தான் இருந்தன.

"சுத்திப் போவணுமாம்டி. அவன் வூட்டு வாசல்ல சுவரு வச்சா அவன் சுத்திப் போவானா?"

துர்காவுக்கு அம்மாவின் நெஞ்சு படபடப்பு தெரியும். ஆற்ற வேண்டும் என்று நினைத்தாள். 2007 அது, கல்லூரிப் பையன்கள் விளையாடுவதற்கென்று கடையில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார்கள். அதன் முன்னால் நாற்காலியை இழுத்தாள்.

"ஒக்காரும்மா. இதுக்குள்ள ஒரு ஊரு இருக்குது. நாம பொம்மையா உள்ள போவலாம், எங்கெங்கயோ இருக்கிறவங்களும் அப்படித்தான் வர்றாங்க. எங்க வேணாலும் போவலாம், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

"யாரும் கேக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

அதற்காகத்தான் உட்கார்ந்தாள். துர்கா வரிசையாகப் பெண் பொம்மைகளைக் காட்டினாள். எல்லாம் ஒரே அச்சில் ஊற்றிய முகங்கள், ஒன்றுக்கும் சேலை இல்லை. இருப்பதில் ஒழுங்காக உடுத்தியிருந்த ஒன்றைப் பாஞ்சாலை காட்டினாள்.

"பேரு கேக்குதும்மா. ஒன் பேரயே போடவா?"

"என் பேரு எதுக்கு? பூவாயின்னு வையி. அவதான் வெளிய தெருவ போவாம கெடக்கிறா."

பொம்மை ஒரு கடற்கரையில் வந்து நின்றது. தலைக்கு மேல் இங்கிலீஷில் பூவாயி என்று மிதந்தது. கீபோர்டில் மேல்பக்கம் அம்புக்குறி போட்ட கட்டையை அழுத்தினால் நடக்கும் என்றாள் துர்கா. பாஞ்சாலை கட்டை விரலை வைத்து அழுத்தினாள். பொம்மை இரண்டு காலையும் வீசி நடந்தது.

"ஏய், நடக்கிறாடி!"

அவள் அப்படிச் சிரித்துத் துர்கா பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. வீடுகளைத் தாண்டிப் போனாள், விளக்குக் கம்பங்களுக்கு நடுவில் போனாள். இறக்கை வைத்த ஒருத்தி எதிரே வந்தபோது அவளுக்கு வழிவிட்டாள்.

"வண்டி கிண்டி வருமா?"

"இங்க வண்டியே இல்லம்மா."

"நல்ல ஊருதான்" என்றாள் பாஞ்சாலை.

கடலோரமாகக் கல் பாவிய வழி ஒன்று போயிற்று. அதில் பொம்மையை நடத்தினாள். கொஞ்ச தூரம் போனதும் பொம்மைக்கு முன்னால் சிவப்புக் கோடுகள் குறுக்கே எழும்பின, கோட்டில் எழுத்துகள். வழி அந்தப் பக்கமும் போய்க்கொண்டுதான் இருந்தது, பொம்மைதான் போகவில்லை.

"என்னாடி எழுதியிருக்குது?"

துர்கா தயங்கினாள். "உள்ள வரக்கூடாதுன்னு."

நரித் தலை வைத்து, கோட்டு சூட்டு போட்ட ஒரு பொம்மை பக்கத்தில் வந்து நின்று ஏதோ எழுதியது. துர்கா அதைப் படிக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஒருத்தரு காசு குடுத்து வாங்குன எடமாம். சுத்திப் போவச் சொல்றாரு."

பாஞ்சாலையின் முகம் மாறியது. இவ்வளவு பெரிய ஊரை ஒன்றுமில்லாத இடத்தில் உண்டாக்கியவர்கள், முதல் வேலையாக அங்கேயும் ஒரு வேலியைப் போட்டு வைத்திருக்கிறார்களே! கோபம் வராமல் என்ன செய்யும்?

"இந்த நரி மூஞ்சியும் அதையேதான் சொல்லுதா? வழி தெரியுதில்ல? கல்லு போட்டு வச்சிருக்கான் இல்ல? எவன்டி இதுல குறுக்க கட்டுனவன்?" அவள் குரல் ரோடு வரைக்கும் கேட்டது. கடைசிக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"ம்மா, கத்தாத. இதுல பறக்கலாம்மா. இந்தக் கட்டைய அமுக்குனா மேல எழும்பிப் பறந்து போயிடலாம்."

"நான் எதுக்குடி பறக்கணும்?" பாஞ்சாலை மகள் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் அது அழுகை இல்லை. "நடக்கிற வழியக் கேட்டா ஒருத்தன் சுத்திப் போங்கறான், நீ பறந்து போங்கற. காலு ரெண்டும் நல்லாத்தான இருக்குது அவளுக்கு? நடந்து போவட்டும்."

துர்கா கடைசியில் இருந்தவரிடம் காசு வாங்கிக்கொண்டு அனுப்பினாள். கடை சாத்தும் நேரம். மற்ற கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்தினாள், மின்விசிறியை நிறுத்தினாள், பூட்டை எடுத்து வைத்தாள். பிறகு நாற்காலிக்குப் பின்னால் வந்து, "போதும்மா, வூட்டுக்குப் போவலாம்" என்று அம்மாவின் தோளில் கை வைத்தாள்.

பாஞ்சாலை திரும்பவில்லை. நகக்கண்ணில் வெள்ளை மண் அப்பிய கட்டை விரலை அம்புக்குறிக் கட்டை மேல் வைத்து, விடாமல் அழுத்திக்கொண்டிருந்தாள். சிவப்புக் கோட்டின் மேல் முட்டியபடியே, நின்ற இடத்தில், இரண்டு காலாலும் பூவாயி நடந்துகொண்டிருந்தாள்.